வெட்டுக்கிளியை மறுபடி துள்ள வைத்தல்: 1984 டமியா கிராஸ்ஹாப்பர் பழுதுபார்ப்புப் பதிவு

மேசைக்கு வந்தது டமியாவின் கிராஸ்ஹாப்பர், கிட் எண் 58043. ஜப்பானின் ஷிசுவோகாவில் உள்ள அந்த நிறுவனம் 1984-இல் வெளியிட்ட 1/10 அளவு பக்கி, அதாவது மணலிலும் மண்ணிலும் ஓட்டும் ரிமோட் கார். பின்சக்கர இழுவை, 380 என்ற அளவுச் சின்ன மோட்டார். அதற்கு ஐந்து வருடம் முன் வந்த சாண்ட் ஸ்கார்ச்சரும் ரஃப் ரைடரும் உலோகம் நிறைந்த கனமான வண்டிகள், விலையும் அதற்கேற்ப. கிராஸ்ஹாப்பர் நேர் எதிர். பிளாஸ்டிக் தொட்டி ஒன்றுதான் சேசிஸ், அதன் மேல் வெள்ளைக் கூடு. முதல் ரிமோட் வண்டி வாங்கும் பையனை மனதில் வைத்துச் செய்தது. உலகம் முழுக்க அத்தனை பரண்களில் இதுவும் இதன் ஜோடி ஹார்னெட்டும் இன்னும் கிடப்பதற்கு அதுவே காரணம்.

2005-இல் 58346 என்ற எண்ணில் மறுவெளியீடு வந்தது. அதைப் பெட்டியோடு வாங்கிப் பூட்டினால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடியும். இந்தப் பதிவு பழைய வண்டியைப் பற்றியது.

வந்த நிலை: கூடு பழுப்பேறி மஞ்சள். சேசிஸின் பின் மூலையில் 4 செ.மீ. விரிசல், அதன் மேல் யாரோ ஊற்றிய சூப்பர் க்ளூ கட்டியாக. பேட்டரி அறையில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு. பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் அரிசி அரைபடும் சத்தம். மோட்டார் அசையவே இல்லை.

இந்த இடத்தில் எல்லோருக்கும் வரும் ஆசை ஒன்று உண்டு: பேட்டரியை மாட்டி ‘ஓடுதா’ என்று பார்ப்பது. கூடாது. இறுகிய மோட்டாருக்கு 7.2 வோல்ட் கொடுத்தால் அது ஓடாது, வெப்பமாகத்தான் மாறும்; கம்யூட்டேட்டரில் (சுழலும் செம்பு வளையம்) பிரஷ் (அதற்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் கட்டை) உட்கார்ந்த இடம் கருகும். கியர்பாக்ஸில் மணல் இருந்தால் முதல் பத்து வினாடியிலேயே பல் போய்விடும். முதலில் பிரிப்பு, கழுவல். மின்சாரம் கடைசியில்.

திருகுகள்

டமியா வண்டியில் உள்ள நட்சத்திரத் தலைத் திருகுகள் ஜப்பானியத் தர அளவில் செய்தவை. நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளி பார்வைக்குப் பொருந்தும், ஆனால் அடிவரை இறங்காது. அழுத்தித் திருப்பினால் மேலேறி வழுக்கும். தலை மொழுக்கென்று ஆவது இதனால்தான். 3 மி.மீ. திருகுகளுக்கு ஜே.ஐ.எஸ். 2-ஆம் எண் திருப்புளி ஒன்று வாங்கிவிட வேண்டும். மொத்த வேலையில் இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை.

ஏற்கெனவே மொழுக்கான இரண்டு திருகுகளுக்கு: தலையில் சின்ன ரம்பத்தால் ஒரு கோடு அறுத்துத் தட்டைத் திருப்புளி. அதுவும் வராவிட்டால் சால்டரிங் அயர்ன் முனையைத் திருகுத் தலையில் 5 வினாடி வைக்கலாம். சூடு உலோகம் வழியே இறங்கிச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை இளக்கும். 10 வினாடி வைத்தால் மரையே உருகிவிடும்.

திரும்பப் பூட்டும்போது கவனிக்க வேண்டியது இன்னும் முக்கியம். இவை பிளாஸ்டிக்கைத் தாமே வெட்டிக்கொண்டு இறங்கும் வகை. நேரடியாக முறுக்கினால் பழைய மரைக்குக் குறுக்கே புது மரை வெட்டும்; இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் துளையில் பிடிமானமே இருக்காது. திருகை வைத்து முதலில் இடப்பக்கம், அதாவது கழற்றும் திசையில், மெல்லச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் ‘டக்’ என்று ஒரு சின்னப் பள்ளத்தில் விழும். விரலுக்கே தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும்; உட்கார்ந்ததும் கால் சுற்று, அவ்வளவுதான். மின்திருப்புளியை இந்த வண்டியின் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

பேட்டரி உப்பு

பச்சையும் வெள்ளையுமாக இருப்பது பழைய நிக்கல் காட்மியம் செல்லிலிருந்து கசிந்த காரமும், அது செம்பைத் தின்று உண்டாக்கிய உப்பும். கையுறை, கண்ணாடி கட்டாயம். கொல்லையில் உட்கார்ந்து பழைய பல் துலக்கியால் வெள்ளை வினிகரைத் தேய்த்தால் மெல்ல நுரைத்துக் கரையும். பிறகு தண்ணீர், பிறகு சோப்புத் தண்ணீர், நிழலில் ஒரு நாள். ஒழுகிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. காட்மியம் நஞ்சு, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்க வேண்டும்.

இதில் ஏமாற்றுவது ஒயர். வெளியே சிவப்பு உறை புதிதுபோல் இருக்கும். உரித்தால் உள்ளே செம்பு கன்னங்கரேல் என்று இருக்கும். காரம் இழைகளுக்கு இடையே தந்துகியாக ஏறியிருக்கிறது. கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது, உருண்டு ஓடும். சுரண்டி ஒட்டவைத்தால் ஒரு மாதத்தில் விடும். 5 செ.மீ. வெட்டிப் பார்த்தோம், கருப்பு. 10 செ.மீ. வெட்டியும் கருப்பு. ஒயர் முழுவதும் மாற்றம். 16 கேஜ் சிலிக்கான் ஒயர், சிவப்பும் கருப்பும் தலா அரை மீட்டர் போதும்.

கியர்பாக்ஸ்

வண்டியின் உயிர் இதில்தான். கிராஸ்ஹாப்பரில் கியர்பாக்ஸ், மோட்டார், பின் அச்சு மூன்றும் ஒரே கட்டி. அந்தக் கட்டி முன்பக்கம் ஒரு கீலில் தொங்க, பின்பக்கம் இரண்டு சுருள் ஸ்பிரிங் தாங்குகின்றன. துள்ளலை அடக்கும் எண்ணெய் டாம்பர் கிடையாது. கல்லில் ஏறினால் மோட்டாரோடு சேர்ந்து மொத்தமும் எம்பி இறங்கும். ஸ்பிரிங் அதைத் திருப்பி எறியும். பெயருக்கேற்ற துள்ளல் இதனால்தான் வருகிறது. ஹார்னெட்டில் அதே கட்டி, ஆனால் இடவலமாகவும் சாய்ந்துகொடுக்கும், எண்ணெய் டாம்பரும் உண்டு.

இரண்டு பாதியாகப் பிரிவதற்கு முன் ஒவ்வொரு திருகையும் கழற்றிய இடத்திலேயே ஓர் அட்டையில் படம் போட்டுக் குத்தி வைப்பது நல்லது. நீளம் வேறு வேறு. நீளமானது குட்டையின் துளையில் போனால் அடியில் முட்டித் திருகுத்தூணை உடைக்கும். திறந்ததும் கை வைக்காமல் ஒரு படம். வாஷர் எந்தப் பக்கம், எந்த அச்சு எந்தக் குழியில் என்பது கிரீஸைத் துடைப்பதற்கு முன்தான் தெரியும்.

நாற்பது வருடக் கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. அதனுள் மணல். கிரீஸும் மணலும் சேர்ந்தால் அது வால்வு தேய்க்கும் பசை. ஓட ஓடப் பல்லைத் தின்றுகொண்டே இருக்கும். பல்சக்கரங்களையும் உலோக அச்சுகளையும் மட்டும் மண்ணெண்ணெயில் அரை மணி ஊறவைத்துத் துலக்கலாம். வெளிக்கூட்டுக்கு மண்ணெண்ணெய் வேண்டாம்: திருகு இறுகிய இடங்களில் பிளாஸ்டிக் ஏற்கெனவே இழுவிசையில் இருக்கிறது, அங்கே மயிரிழை விரிசல் விடும். அதற்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர்.

பல்லைப் பார்ப்பது எப்படி? நல்ல பல்லின் முனை தட்டையாக இருக்கும். தேய்ந்தது சுறா வால் போல ஒரு பக்கம் சாய்ந்து கூராகும். இங்கே மோட்டார் பினியனோடு (மோட்டார் அச்சில் மாட்டும் சின்னப் பல்சக்கரம்) சேரும் முதல் சக்கரம் மட்டும் கூராகியிருந்தது. வேகமாகச் சுற்றும் சக்கரம் அது, முதலில் போவதும் அதுதான். மாற்றுப் பாகத்துக்குக் கிராஸ்ஹாப்பர் என்று மட்டும் தேடாமல் ஹார்னெட், லஞ்ச் பாக்ஸ், மிட்நைட் பம்ப்கின் என்றும் தேடலாம். நான்குக்கும் அடிப்படை ஒரே கியர்பாக்ஸ்தான், மறுவெளியீட்டுப் பாகங்கள் தாராளம். பினியன் வாங்கும்போது இரண்டு அளவு: பல் 0.8 மாட்யூல் (பல்லின் பருமனைச் சொல்லும் அளவு), அச்சுத் துளை 2.3 மி.மீ. அடுத்த பெரிய அளவான 540 மோட்டாரின் அச்சு 3.17 மி.மீ.; அதற்கான பினியனை 380-இல் போட்டு ஒரு பக்கம் திருகை இறுக்கினால் மையம் விலகும், சத்தம் தெருக்கோடி வரை கேட்கும்.

இரு பின்சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியலில் கூம்புப் பற்சக்கரங்கள் நன்றாகவே இருந்தன. பூட்டியபின் சோதனை எளிது: முதல் சக்கரத்தை விரலால் பிடித்துக்கொண்டு ஒரு பின் அச்சைச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில், இடையில் சிக்காமல், சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் சிக்கினால் ஒரு பல்லுக்கிடையே மணல் மிச்சம். மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

கிரீஸ் அளவில் கை இறுக வேண்டும். பல் மேல் மெல்லிய பூச்சு. வெள்ளைப் பிளாஸ்டிக் கியர் கிரீஸ் மொத்தம் 2 கிராம்கூட ஆகாது. 380 சின்ன மோட்டார். டப்பா நிறைய அப்பினால் அதன் சக்தி கிரீஸைக் கலக்கவே செலவாகும்.

அச்சு வெளியே வரும் இடத்துப் புஷ்கள் (அச்சைத் தாங்கும் வளையங்கள்) முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தன. சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டினால் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம். இங்கே பால் பேரிங் போடுவது மட்டும் நியாயமான மேம்பாடு. வெர்னியரால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்து வாங்க வேண்டும். மணலில் ஓடும் வண்டிக்கு ரப்பர் மூடி உள்ள வகை. உலோக மூடி தூசியை உள்ளே விடும்.

சேசிஸ் விரிசல்

சூப்பர் க்ளூ ஏன் நிற்கவில்லை? அது கெட்டியாகி மொறுமொறுவென்று ஆகும். சேசிஸோ ஒவ்வொரு துள்ளலிலும் வளைகிறது. ஒட்டு வளையாததால் உடைகிறது.

முதலில் பிளாஸ்டிக் எது என்று பார்க்க வேண்டும். உள்புறம் கண்ணில் படாத இடத்தில் காதுக்குச்சியால் ஒரு பொட்டு அசிட்டோன். சில வினாடியில் பிசுபிசுத்தால் ஏ.பி.எஸ். அல்லது ஸ்டைரீன் வகை, உருக்கி ஒட்டலாம். பிசுபிசுக்காவிட்டால் நைலான் போன்ற வேறு ஏதோ. இந்த முறை உதவாது. இங்கே பிசுபிசுத்தது.

விரிசலின் நுனி எங்கே என்று கண்ணால் பார்த்து நம்பக் கூடாது. வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து லேசாக வளைத்தால் இன்னும் 3 மி.மீ. தள்ளி முடிவது தெரிந்தது. அந்த நுனியில் 1.5 மி.மீ. துளை. கூரான முனையில் குவியும் விசை வட்டத்தில் பரவிவிடும், விரிசல் மேலே ஓடாது. இந்தத் துளையைப் போடாமல் செய்யும் எந்த ஒட்டும் தற்காலிகம். பிறகு பழைய பசையைச் சுரண்டி, இரு பக்கமும் பாதித் தடிமன் ஆழத்துக்கு ‘வி’ வடிவில் செதுக்கல்.

பசை: ஏ.பி.எஸ். துண்டுகள், உடைந்த லெகோ கட்டை இருந்தால் பிரமாதம், கண்ணாடிப் புட்டியில் அசிட்டோனில் இரவு முழுக்க ஊறல். காலையில் தேன் பதத்தில் இருக்க வேண்டும். ஒரே தடவை நிரப்பினால் உள்ளே குமிழி கட்டும். மெல்லிய மூன்று பூச்சு, இடையே ஆறு மணி நேரம். உள்பக்கம் 1 மி.மீ. ஏ.பி.எஸ். தகட்டில் விரிசலைவிட எல்லாப் பக்கமும் 1 செ.மீ. பெரிதாக ஒரு ஒட்டு. தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். ஆனாலும் 48 மணி நேரம் தொடாமல் விட வேண்டும். மரை போன இரண்டு திருகுத் துளைகளும் இதே கூழால் அடைத்து, காய்ந்தபின் 2.5 மி.மீ. துளையிட்டு, 3 மி.மீ. திருகு போட்டுச் சரியாயின.

கூடு

ஹார்னெட்டின் கூடு உள்பக்கம் பெயிண்ட் அடிக்கும் மெல்லிய பாலிகார்பனேட். கிராஸ்ஹாப்பருடையது கெட்டியாக வார்த்த ஸ்டைரீன் வகை வெள்ளைக் கூடு. அதனால் இதை வெளுக்கலாம்.

ஸ்டிக்கர்களை ஹேர் டிரையர் சூட்டில் உரித்தாயிற்று. மிஞ்சிய பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஒரு மணி கழித்து விரலால் உருட்டினால் வந்துவிடும். தின்னர், பெட்ரோல், நீலகிரித் தைலம் மூன்றும் வேண்டாம். தைலம் என்றதும் சாது என்று தோன்றும், ஆனால் ஸ்டைரீனை இளக்கும்.

வெளுக்க, சலூன் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீம். கையுறையோடு பிரஷால் சீராகப் பூசி, காற்றுப் புகாமல் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி வெயிலில். 40 நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பி, தாளின் மேலேயே கிரீமைத் தடவிச் சமப்படுத்த வேண்டும். ஓரிடம் காய்ந்தால் அங்கே வரி வரியாக வெள்ளைக் கறை விழும், அது போகாது. இதற்கு ஆனது இரண்டு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். தகரக் கூரை மேலோ கார் பானெட் மேலோ வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் கூடு நெளிந்துவிடும். வெள்ளையானது மறுபடி மஞ்சளாகலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும், அலமாரியில் வெயில் படாமல் வைத்தால் தள்ளிப்போகும்.

மோட்டார்

380-இன் உறை மடித்து மூடியது; பிரஷ் மாற்ற முடியாது. காண்டாக்ட் கிளீனரைத் துளை வழியே அடித்து, அச்சைக் கையால் சுற்றி, கருப்புத் தண்ணீர் வெளிறும்வரை திரும்பத் திரும்ப. காய்ந்தபின் இரு முனைப் புஷ்ஷுக்கும் ஊசி முனையில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். பிரஷ் பக்கம் இரண்டாவது சொட்டு விழுந்தால் கார்பன் தூளோடு குழம்பாகி மறுபடி அடைக்கும்.

பிறகு 3 வோல்ட், சுமை இல்லாமல், 10 நிமிடம். 7.2 வோல்ட்டில் சுமையின்றி ஒரு ஆம்பியருக்குள் எடுத்தால் ஆரோக்கியம், இது 0.7. ஒன்றரைக்கு மேல் போனால் புஷ் இறுக்கம் அல்லது கம்யூட்டேட்டர் போயிற்று, புது 380 மலிவு. ரேடியோ இரைச்சலுக்கு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் மூன்று: ஒன்று இரு முனைக்கும் நடுவில், மற்ற இரண்டு ஒவ்வொரு முனையிலிருந்தும் உறைக்கு.

எல்லோரும் கேட்பது: 540 போட்டால் என்ன? போடலாம், உட்காரும். ஆனால் 380 சுமார் 70 கிராம், 540 சுமார் 160 கிராம். அதிகமாகும் 90 கிராமும் ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடு ஆடும் கட்டியின் மேல் உட்காருகிறது. துள்ளல் கட்டுக்கடங்காது, ஒட்டிய சேசிஸ் மூலையில்தான் அந்த அடி விழும். பிறகு டாம்பர், பிறகு டயர், பிறகு முன் சஸ்பென்ஷன் என்று செலவு சங்கிலி. வேகம் வேண்டுமென்றால் ஹார்னெட் வாங்குங்கள். இதில் 380-ஏ இருக்கட்டும்.

மின்பகுதி

பழைய வேகக் கட்டுப்பாடு ஒரு சர்வோ (ரிமோட் சொல்லும் அளவுக்குக் கையைத் திருப்பும் சின்ன மோட்டார் பெட்டி) தள்ளும் செம்பு நாக்கு. பாதி வேகத்தில் மீதி மின்சாரத்தை ஒரு பீங்கான் ரெசிஸ்டர் சூடாக எரித்துத் தள்ளும். ரிமோட்டின் அலையை வண்டியில் வாங்கும் ரிசீவருக்குத் தனியாக நான்கு பென்சில் செல். அந்தச் செல் முதலில் தீர்ந்தால் சர்வோ இருந்த இடத்தில் நின்றுவிடும். அது முழு வேகமாக இருந்தால் வண்டி போன போக்குதான். ரிமோட்டுகள் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கிய காலத்தில் ஏரியல் நுனியில் கட்டும் வண்ணக் கொடியும் அலங்காரத்துக்கு அல்ல: மஞ்சள் 27.145, நீலம் 27.255. ஒரே நிறம் இரண்டு பேர் கையில் இருந்தால் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

இன்று ஓட்டுவதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் செட்டும், பிரஷ் மோட்டாருக்கான மின்னணு வேகக் கட்டுப்பாடும் (ஹாபிவிங் 1060 வகை தாராளம்). அதில் பேட்டரி லைப்போவா (லித்தியம் பாலிமர்), நிக்கலா என்று மாற்றிச் செருகும் ஜம்பர் உண்டு. தவறாக இருந்தால் லைப்போ செல் அளவுக்கு மீறி வடிந்து ஊதும். பழைய நாக்கு வகையில் அந்தக் காவலே இல்லை, ஆகவே அதோடு லைப்போ வேண்டவே வேண்டாம். மோட்டாரில் பழைய ஷாட்கி டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) ஒட்டியிருந்தால் வெட்டி எடுக்கவும்: ரிவர்ஸ் உள்ள கட்டுப்பாட்டில் அது நேர் ஷார்ட்.

பேட்டரி அறை உருண்டைச் செல்களுக்காக வார்த்தது. சதுர மூலை லைப்போவுக்காகச் சேசிஸைச் செதுக்குவதைவிட மூலை உருண்ட பேக் தேடுவது மேல். 6 செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு இந்த மோட்டாருக்குப் போதும்.

பழைய ஸ்டியரிங் சர்வோ வேலை செய்தாலும் பிளக்கைப் புது ரிசீவரில் செருகுமுன் ஒயர் வரிசையைப் பாருங்கள். நடுவில் சிவப்பு பிளஸ் இல்லாவிட்டால் செருகக் கூடாது. சர்வோ அச்சில் கைப்பிடி மாட்டும் பல்லின் எண்ணிக்கையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு: ஃபுடாபா 25, ஹைடெக் 24, சான்வா 23.

முன்பக்கம், டயர், முதல் ஓட்டம்

முன் சக்கரத்தைத் தாங்கும் கை மேலே போகப் போகச் சக்கரத்தின் திசையும் திரும்பும். வடிவமைப்பே அப்படி, முழுதாகப் போக்க முடியாது. பேட்டரியோடு தரையில் நிற்கும் உயரத்தில் இரு சக்கரமும் நேராக இருக்கும்படி ஸ்டியரிங் கம்பிகளை வைத்தால் போதும்.

டயர்களில் பக்கச் சுவரில் வெடிப்பு. ரப்பரை மீட்கும் மருந்து எதுவும் இல்லை. எண்ணெய் தடவினால் உப்பும். பழையதைப் பையில் போட்டு வைத்துவிட்டு, ஓட்ட மறுவெளியீட்டு டயர்.

முதல் பேட்டரி பேக் ஓட்டத்தில் இரண்டு குறை. இடப்பக்கம் திரும்பும்போது ‘டிக் டிக்’: பின் அச்சில் ஒரு வாஷர் விட்டுப்போயிருந்தது, அச்சு அரை மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து டிஃபரென்ஷியல் பல் மேலேறியது. இன்னொன்று, ஐந்து நிமிடத்தில் மோட்டார் கை பொறுக்காத சூடு. காரணம் கிரீஸ் அல்ல. கியர்பாக்ஸ் திருகுகளை அதிகம் முறுக்கியதில் இரு பாதியும் பேரிங்கை நசுக்கின. எல்லாத் திருகையும் கால் சுற்றுத் தளர்த்தியதும் சக்கரத்தைத் தள்ளிவிட்டால் தானாக இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

மூன்றாவது பேக்குக்குப் பின் பிரித்துப் பார்த்ததில் பல் சுத்தம், கிரீஸ் வெள்ளை, ஒட்டு அசையவில்லை. வலப்பக்க முன் சக்கர நட் மட்டும் அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. உள்ளே இருக்கும் நைலான் வளையம் நாற்பது வருடத்தில் கெட்டியாகிப் பிடி விட்டுவிட்டது. நான்கு சக்கரத்துக்கும் புது லாக் நட் போட்டாயிற்று.